14.2 கிலோ சிலிண்டரில் எத்தனை லிட்டர் கேஸ்?

வாயுவின் நிறை தெரிந்தால் கன அளவு கண்டுபிடிப்பது சுலபம். கிராமில் உள்ள நிறையை மூலக்கூறு நிறையால் வகுத்தால் மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) எண்ணிக்கை வரும். அதை ஒரு மோல் அடைக்கும் இடத்தால் பெருக்கினால் லிட்டரில் விடை.

பலரும் சறுக்குவது அந்த ஒரு மோல் கணக்கில்தான். பள்ளியில் மனப்பாடம் செய்த 22.4 லிட்டர், 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தம் இருந்தால் மட்டுமே பொருந்தும். மற்ற வெப்பநிலைகளுக்கு, செல்சியஸுடன் 273 கூட்டி 0.0821-ஆல் பெருக்குங்கள். அழுத்தம் 1 இல்லையென்றால் அதனாலும் வகுக்க வேண்டும். 30 டிகிரிக்கு இது 24.9 லிட்டர், 22.4-ஐப் போட்டால் பத்து சதவீதம் உதைக்கும்.

சரி, வீட்டு சிலிண்டருக்கு வருவோம். அதில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் கலவை. கணக்குக்காக முழுவதும் பியூட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். மூலக்கூறு நிறை 58. 14,200-ஐ 58-ஆல் வகுத்தால் சுமார் 245 மோல். 24.9-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 6,100 லிட்டர், அதாவது 6 கன மீட்டர்! கசிவை ஏன் அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு இந்த ஒரு எண்ணே போதும். புரோப்பேன் (44) கலந்திருப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும்.

இது வெளியே வந்த வாயுவுக்கான கணக்கு. சிலிண்டருக்குள் பெரும்பகுதி திரவமாக இருப்பதால் அங்கே இந்தச் சூத்திரம் செல்லாது.

அப்புறம், ஆக்சிஜன், நைட்ரஜன் போன்றவை இரட்டை அணு மூலக்கூறுகள். ஆக்சிஜனுக்கு 16 அல்ல, 32 போட வேண்டும்.