ஸ்வீடன் சூப்பர் மார்க்கெட்டில் எதையும் எடுக்கும் முன்

ஸ்வீடனுக்குப் புதிதாகப் போகிறவர்கள் முதலில் பால் அட்டைப்பெட்டியைக் கவனியுங்கள். பாலுக்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட அதே பெட்டியில், 'ஃபில்' என்று ஒன்று இருக்கும். அது புளிக்க வைத்த பால். காபியில் ஊற்றினால் திரிதிரியாகிவிடும். ஆனால் சோற்றில் பிசைந்து, கொஞ்சம் உப்புப் போட்டால் தயிர்சாதத்துக்குக் குறையே இருக்காது. கடுகு தாளித்துவிட்டால் இன்னும் விசேஷம்.

அப்புறம் அந்த நீல ட்யூப். தலை வாரிய பொன்முடிப் பையன் சிரித்துக்கொண்டிருப்பான். பற்பசை இல்லை, 1954 முதல் விற்கும் கல்லெஸ் காவியார்: புகையூட்டிய காட் மீன் முட்டை, கூடவே சர்க்கரை, உப்பு. ரொட்டிமேல் வேகவைத்த முட்டையை வில்லை போட்டு அடுக்கி, அதன்மேல் பிதுக்கிக் கொள்வார்கள். நாக்கு பழகச் சற்று நேரமாகும், பழகினால் விடாது. சீஸும் இதேபோல் ட்யூபில் வரும். சைவக்காரர்கள் மூடியைத் திறக்குமுன் இறால், பன்றி இறைச்சிப் படம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எடைக்கு அள்ளிக்கொள்ளும் மிட்டாய்ப் பகுதியில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் சாக்லேட் அல்ல. பெரும்பாலும் அதிமதுரமும் நவச்சாரமும் சேர்ந்த 'சால்மியாக்'. ஆமாம், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது போடுகிற அதே நவச்சாரம்தான்! உப்பும் காரமுமாக மூக்கில் ஏறும். ஒன்றே ஒன்று எடுத்துச் சோதியுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதையும் விட்டுவிடலாம், அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றும்.