பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வாங்கியாச்சா?

பெயின்ட் கடைக்கு ஓடாதீர்கள், முதலில் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே செம்மண் நிறத்தில் துரு தெரிந்தால் பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழற்றி, ஒரு கைப்பிடி நட்டுகளும் கொஞ்சம் டீசலும் போட்டுக் குலுக்கி, கலங்கல் நிற்கும்வரை அலசுங்கள். இல்லாவிட்டால் அந்தத் துரு கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும். நட்டுகளை எண்ணிப் போடுங்கள், நான் ஒன்றை உள்ளேயே விட்டுவிட்டு ஒரு வாரம் கடகடவென்று ஓட்டினேன்.

இது 98 சிசி டூ ஸ்ட்ரோக், அதாவது பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் இன்ஜின். ஆயில் தனி டேங்கிலிருந்து பம்ப் வழியாகப் போகவேண்டும், ஆனால் பல வண்டிகளில் பம்பைத் துண்டித்து பெட்ரோலிலேயே கலந்து ஓட்டியிருப்பார்கள். விற்றவரிடம் கேட்டுவிடுங்கள், தெரியாமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் ஜாம்தான். அப்புறம் சைலன்சர் உள்குழாயை உருவி, கரியைச் சுரண்டுங்கள். பெயின்டெல்லாம் அதற்குப் பிறகு.