அடிப்பக்கம் சிராய் பெயராமல் அறுக்க ஒரு தட்டு

டேபிள் சாவில் (மேஜை நடுவே வட்ட பிளேடு சுழலும் ரம்பம்) ப்ளைவுட் அறுத்தால் மேல்பக்கம் சுத்தமாக இருக்கும், அடிப்பக்கம் சிராய் சிராயாகப் பெயர்ந்திருக்கும். பல் கீழே இறங்கும் இடத்தில் மரத்துக்குத் தாங்கல் இல்லாததுதான் காரணம். பிளேடு மேலே வரும் திறப்பை மூட மிஷினோடு வரும் தட்டில் பிளேடைச் சுற்றி அவ்வளவு இடைவெளி! இடைவெளியே இல்லாத தட்டை நாமே செய்துகொள்ளலாம்.

பழைய தட்டை இருபக்க டேப்பால் எம்.டி.எஃப். பலகையில் (மரநாரை அழுத்திச் செய்தது) ஒட்டுங்கள். சுற்றி 2 மி.மீ. விட்டு ஜிக்சாவில் அறுத்து, பழைய தட்டின் ஓரத்தைத் தொட்டு உருளும் பேரிங் உள்ள ரவுட்டர் பிட்டால் விளிம்பைச் சரிசெய்யுங்கள். பலகையின் கனம் தட்டு உட்காரும் பள்ளத்தைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது நல்லது. நான்கு மூலையிலும் சிறு ஸ்க்ரூ போட்டு மேஜை மட்டத்துக்கு உயர்த்திவிடலாம். தட்டை எடுக்க விரல் நுழைய ஒரு துளையும் வேண்டும்.

பலர் தடுமாறுவது இங்கேதான்: முழுக்க இறக்கியும் பிளேடு தட்டின் அடியில் இடிக்கும். அப்படியே ஸ்விட்ச் போடவே கூடாது. பிளேடு வரும் கோட்டில் தட்டின் அடியில் முதலில் ஒரு பள்ளம் எடுங்கள். பிறகு தட்டை மேஜையில் பொருத்தி, பிளேடு வரும் வழியில் படாதபடி தட்டின் மேல் குறுக்கே ஒரு கட்டையை வைத்து மேஜையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கையால் அழுத்திப் பிடிக்க வேண்டாம், தயவுசெய்து. மிஷினை ஓடவிட்டு பிளேடை மெதுவாக உயர்த்தினால் அதன் கனத்துக்கே கோடு விழும்.

ரிவிங் நைஃப் (அறுத்த மரம் பிளேடை நெருக்காமல் அதன் பின்னால் நிற்கும் தகடு) நிற்க அந்தக் கோட்டைப் பின்னால் நீட்டிவிடுங்கள். சாய்த்து அறுக்க வேறு தட்டு வேண்டும்.