பாலே ஷூவைப் பிள்ளையோட கால் நிறத்துக்குக் கொண்டுவர்றது எப்படி

மேல்நாட்டு நடனமான பாலே வகுப்புல பிள்ளையைச் சேர்த்ததும் ரோஸ் ஸ்டாக்கிங்ஸும் ரோஸ் ஷூவும் வாங்கச் சொல்றாங்க. இடுப்புலருந்து விரல் நுனி வரைக்கும் கால் ஒரே கோடா தெரியணும்னு வெள்ளைக்காரப் பிள்ளைங்களை வெச்சு முடிவுபண்ண நிறம் அது. நம்ம பிள்ளை போட்டா மேல கறுப்பு, கீழ ரோஸ், கோடு அறுந்துபோகுது.

பழைய வண்ணாரப்பேட்டையில நான் டான்ஸ் உடை தைக்கிறேன். "அக்கா, பாலே கிளாஸ்ல கை கழுத்துக்கெல்லாம் பவுடர் தூக்கலா அடிச்சு அனுப்பச் சொல்றாங்க"ன்னு காசிமேட்டுலருந்து வர்ற அம்மாக்கள் சொல்றாங்க. அடிக்காதீங்க. பெர்லின் அரசு பாலே குழுவுல ஆடின கறுப்பினப் பெண் க்ளோயி லோப்பஸ் கோமஸ், ஸ்வான் லேக்ங்கிற பாலேவுக்கு உடம்பை வெளுப்பா பூசச் சொன்னாங்கன்னு 2020-ல வெளிப்படையா சொன்னாங்க. மாத்த வேண்டியது துணியைத்தான். நியூயார்க்ல இருக்கிற கறுப்பினக் கலைஞர்களோட பாலே குழுவான ஹார்லெம் டான்ஸ் தியேட்டர்ல 1974-லயே ஒவ்வொருத்தர் தோல் நிறத்துக்கும் ஸ்டாக்கிங்ஸையும் ஷூவையும் மாத்திட்டாங்க.

நைலான் ஸ்டாக்கிங்ஸா இருந்தா டீத்தூளே போதும். முதல்ல சோப்புத் தண்ணியில நல்லா அலசுங்க. ரெண்டு லிட்டர் தண்ணியில ரெண்டு கைப்பிடி டீத்தூள் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டி, ரெண்டு ஸ்பூன் வினிகர் ஊத்துங்க. ஸ்டாக்கிங்ஸை ஈரத்தோட முக்கிக் கிளறிக்கிட்டே இருங்க, இல்லன்னா திட்டுத்திட்டா ஏறும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை எடுத்து ஆடுசதை மேல வெச்சு, பகல் வெளிச்சத்துல பாருங்க. டியூப்லைட்டை நம்பாதீங்க. காஞ்சா நிறம் குறையும், அதனால ஒரு மாத்து கூடவே ஏறட்டும். நல்ல கறுப்பான பிள்ளைக்கு டீ பத்தாது. நைலானுக்குன்னு விக்கிற சாயம் வாங்கணும். ஷூவுல தைக்கிற எலாஸ்டிக்கையும் அதே பாத்திரத்துல போட்டுடுங்க, பலபேர் இதை விட்டுடுறாங்க.

கேன்வாஸ் ஷூவுக்கு அதே டீயை ஸ்பாஞ்சால ஒத்துங்க. விரல் நுனியில நின்னு ஆடுறதுக்குப் போடுற சாட்டின் பாயின்ட் ஷூவை மட்டும் நனைக்கவே கூடாது. அதோட முனை துணியும் பேப்பரும் பசையும் வெச்சு அடுக்கினது, தண்ணி பட்டா இளகிடும். பிள்ளை நிறத்துல ஃபவுண்டேஷன் வாங்கி மெல்லிசா ரெண்டு மூணு பூச்சு கொடுங்க. பளபளப்பு உறுத்தினா கொஞ்சம் காலமைன் லோஷன் கலந்துக்கலாம். ஃப்ரீட் ஆஃப் லண்டன்ங்கிற ஷூ கம்பெனி பிரவுன் நிறத்துல பாயின்ட் ஷூ கொண்டுவந்தது 2018-லதான். அதுவரைக்கும் பெரும்பாலான கறுப்பினப் பெண்கள் இப்படிப் பூசிப் பூசித்தான் மேடை ஏறினாங்க. அந்தச் செலவும் நேரமும் அவங்க தலையில மட்டும் விழுந்தது எனக்கு இன்னும் ஆறல.

ஸ்கேட்டிங் உடையில கழுத்துக்கும் கைக்கும் வெக்கிற வலைத்துணிக்கும் இதே முறைதான். எம்.சி. ரோட்டுல வாங்குறப்ப நைலான் வலைன்னு கேட்டு வாங்குங்க, பாலியஸ்டர்ல டீ ஏறாது.

அளவெடுக்கறப்ப இஞ்சைச் சத்தமா படிக்காதீங்க, எழுதிக்கோங்க. மிஸ்டி கோப்லேண்டுக்கே வயசுக்கு வந்தப்புறம் உடம்பு பாலேக்கு ஒத்துவராதுன்னு சொன்னாங்க. 2015-ல அமெரிக்கன் பாலே தியேட்டரோட முதல் கறுப்பினப் பெண் பிரின்சிபல், அதாவது முதன்மை ஆட்டக்காரர் ஆனாங்க. பத்து வயசுக்கு மேல பிள்ளை வளரத்தான் செய்யும். மேலுடையில ரெண்டு பக்கத் தையல்லயும் ஒவ்வொரு இஞ்ச் துணி உள்ள விடுங்க, அடுத்த வருஷம் பிரிச்சுத் தெச்சுக்கலாம்.