பழைய என்ஜின் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காருக்கு மாற்று என்ஜின் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்கோ வேறு பழைய உதிரிபாகக் கடைக்கோ செல்பவர்கள், விலை பேசுவதற்கு முன் பிளாக்கில் (என்ஜினின் முக்கிய உலோக உடலில்) பொறித்துள்ள எண்ணைப் பார்த்து, அது எந்த வண்டியிலிருந்து கழற்றப்பட்டது என்பதற்கான ஆர்.சி. நகலையும் ரசீதையும் கேட்டுப் பெற வேண்டும். எண் தேய்க்கப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் அதைத் தொடவே கூடாது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றத்தைப் பதிவு செய்ய அந்த எண்தான் ஆதாரம்.

ஆயில் மூடியின் அடியில் வெளுத்த பசை படிந்திருந்தால் ஹெட் கேஸ்கட்டை (பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகட்டை) சந்தேகிக்கலாம். ஆயிலில் உலோகத் துகள் மின்னினால் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

பெட்ரோல் என்ஜினில் நான் மிகவும் நம்புவது கம்ப்ரஷன் சோதனையை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டாகும் அழுத்தத்தை அளப்பதைத்தான். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்தி, காற்று நுழையும் த்ராட்டிலை முழுவதும் திறந்து, ஸ்டார்ட்டரால் சுழற்றும்போது சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு ஏறத்தாழ 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அழுத்தம் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கட்டோ காரணமாக இருக்கலாம். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத கடைக்காரரிடம் வாங்காமல் திரும்பிவிடுவதே மேல்.

எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் உள்ள என்ஜினானால் வயரிங், இ.சி.எம். (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), இம்மொபிலைசர் சாவி (திருட்டைத் தடுக்கும் மின்னணுச் சாவி) ஆகியவற்றையும் அதே வண்டியிலிருந்து சேர்த்தே வாங்குங்கள். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல் ஆகியவற்றை என்ஜின் தரையில் இருக்கும்போதே மாற்றிவிட்டால் கூலி பெருமளவு மிச்சமாகும்.