விற்பவர் சொன்னதும் சான்றாகுமா? கலப்பின நாய்க் கட்டுரைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் நாய்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) நாய்க்குத் தாய் எது என்பது ஊருக்கே தெரியும். தகப்பனைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை. இன்று அதே ஊரின் தாமான் (புதுக் குடியிருப்பு) வீடுகளுக்கு லாப்ரடூடில் (லாப்ரடார், பூடில் கலப்பு), காக்கப்பூ (காக்கர் ஸ்பானியல், பூடில் கலப்பு) என்ற பெயர்களோடு சுருட்டை முடிக் குட்டிகள் நல்ல விலைக்கு வந்து சேர்கின்றன. வாங்கியவர் வீட்டுப் பிள்ளைகள் அவற்றைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதவும் முனைகிறார்கள். வரவேற்க வேண்டிய ஆர்வம்தான். ஆனால் எழுதி முடித்ததைப் படித்தால் பல நேரம் கடைக்காரரின் துண்டறிக்கையைப் படிப்பது போலவே இருக்கிறது.

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்: குட்டி விற்பவரின் இணையதளத்தைச் சான்றாகக் காட்டுவது. அலர்ஜி வராது, முடி கொட்டாது, குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும், இரண்டு இனங்களின் நல்ல குணங்களும் சேர்ந்திருக்கும் என்று அங்கே எழுதியிருப்பார்கள். வேறு எப்படி எழுதுவார்கள்? வளர்ப்போர் சங்கங்களின் பக்கங்களும் இதே கணக்கில்தான் வரும். அந்த நாயால் வருமானம் பெறாத ஒருவர் அதையே சொல்லியிருக்கிறாரா என்று தேடிப் பார்க்க வேண்டும். கால்நடை மருத்துவ ஆய்விதழ், பல்கலைக்கழக வெளியீடு, ஆசிரியர் குழு சரிபார்க்கும் நாளிதழ் ஆகியவற்றில் கிடைத்தால் எழுதலாம். கிடைக்காவிட்டால் அந்த வரியே வேண்டாம்.

அலர்ஜி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஹவாயில் இருந்த பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது; அவருடைய கணவருக்கோ நாய் அலர்ஜி. அதற்காக ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் பணியாற்றிய வாலி கான்ரான், லாப்ரடாரையும் ஸ்டாண்டர்ட் பூடிலையும் இணைத்தார். 1989இல் மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் முடியும் உமிழ்நீரும் ஹவாய்க்கு அனுப்பப்பட்டன. கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டிதான். விளம்பரத்தின் வாக்குறுதி அந்த முதல் ஈற்றிலேயே மூன்றில் இரண்டு முறை பொய்த்துவிட்டது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே 'இந்நாய் ஒவ்வாமை ஏற்படுத்தாது' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்!

ஆய்வைக் காட்டும்போதும் முழுதாகக் காட்டுங்கள். 2012இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் லாப்ரடூடில், பூடில் போன்ற 'அலர்ஜி தராத' நாய்களை மற்ற நாய்களோடு ஒப்பிட்டார்கள். கேன் எஃப் 1 என்ற ஒவ்வாமைப் புரதம் 'அலர்ஜி தராத' நாய்களின் முடியில் கூடுதலாகவே இருந்தது. வீட்டுக் காற்றில் வேறுபாடு தெரியவில்லை. லாப்ரடூடில் உள்ள வீடுகளின் தரைத் தூசியில் மட்டும் சற்றுக் குறைவாக இருந்தது. அந்தக் கடைசி முடிவை மட்டும் பிய்த்தெடுத்துப் போட்டால் கட்டுரையில் அழகாகச் சான்று எண் தெரியும், சொன்ன செய்தி தலைகீழாக இருக்கும். சான்றே இல்லாத வரியைவிட இது மோசம்; படிப்பவர் நம்பிவிடுவார்.

மறுபக்கமும் சாய வேண்டாம். லாப்ரடூடிலை உருவாக்கியதற்காக வருந்துவதாக 2019இல் கான்ரான் ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகத்தின் நிகழ்ச்சி ஒன்றில் சொன்னார். அதை 'கான்ரான் கூறினார்' என்று அவர் பெயரில்தான் எழுத வேண்டும். 'இந்நாய்கள் நோயாளிகள்' என்று கலைக்களஞ்சியத்தின் குரலில் எழுத அது போதாது. பிரிட்டனில் 2024இல் வெளியான ஓர் ஆய்வு காக்கப்பூ, கவப்பூ (கவலியர் ஸ்பானியல், பூடில் கலப்பு), லாப்ரடூடில் ஆகிய மூன்றையும் அவற்றின் பெற்றோர் இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டது. 86.6 விழுக்காடு ஒப்பீடுகளில் வேறுபாடு இல்லை. கலப்பு என்பதால் நோய் அண்டாது என்பவருக்கும், கலப்பு என்பதால் கெட்டது என்பவருக்கும் இது ஒருசேரப் பதில் சொல்கிறது. உரிமையாளர்கள் நிரப்பிய வினாத்தாளின் அடிப்படையில் வந்த முடிவு என்பதையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

'முதன்முதலாக' என்ற சொல்லைக் கண்டால் கை சற்று நிற்கட்டும். லாப்ரடூடில் என்ற பெயர் 1989இல் பிறந்தது என்று பல பக்கங்கள் சொல்கின்றன. ஆனால் வேகச் சாதனையாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1955இல் வெளியிட்ட நூலிலேயே, தம் நாயைக் குறிக்க அந்தப் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார். பத்துத் தளங்கள் ஒரே ஆண்டைச் சொல்வதால் அவை பத்துச் சான்றுகள் ஆகிவிடுவதில்லை. அவற்றில் பல விக்கிப்பீடியாவைப் பார்த்தே எழுதியவை. அவற்றை விக்கிப்பீடியாவுக்கே சான்றாக்கினால் சொன்னவரும் சாட்சியும் ஒருவரே. வாக்கிய அமைப்பு ஒன்றுபோல இருக்கிறதா, கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் அந்த வரி எப்போது நுழைந்தது என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பதிவுத் தாளைக் காட்டி 'அங்கீகரிக்கப்பட்ட இனம்' என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. பணம் கட்டினால் எந்தக் கலப்பையும் பதிந்துகொள்ளும் தனியார் பதிவகங்கள் உண்டு. மலேசியக் கென்னல் சங்கம் உறுப்பியம் பெற்றுள்ள எஃப்சிஐ என்ற உலக அமைப்பின் இனப் பட்டியலில் லாப்ரடூடில் இல்லை. தகவல் பெட்டியில் இன அங்கீகாரத்துக்கான கட்டங்களைக் காலியாக விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

நம் பக்கத்துக்கே உரிய சறுக்கல் ஒன்று இருக்கிறது. 'மலேசியத் தோட்டங்களில் இந்நாய்கள் காவலுக்கு வளர்க்கப்படுகின்றன' என்று கண்ணால் கண்டதை எழுதிவிடுவது. நாற்பது ஆண்டு தோட்டத்து அனுபவம் பொய்யல்ல. ஆனாலும் வெளியான சான்று இல்லாதவரை அது விக்கிப்பீடியா ஏற்காத சொந்த ஆய்வுதான். இதிலும் ஒரு படி மேலே போய், தோட்டத்து நாய்கள் தெலோமியன் கலப்பு என்று சேர்ப்பவர்கள் உண்டு. தெலோமியன், மலேசியப் பழங்குடியினரான ஓராங் அஸ்லி மக்கள் வளர்த்த நாய். தெலோம் ஆற்றின் பெயரைத் தாங்கியது. 1963இல் மானிடவியலாளர் ஆர்வில் எலியட் வழியாக அமெரிக்காவுக்குப் போனது. இவ்வளவுக்கும் சான்று கிடைக்கும். லயத்து நாய்க்கும் அதற்கும் உறவு என்பது நாமாகப் போடும் முடிச்சு.

ஆங்கிலக் கட்டுரையைக் கருவி கொண்டு மொழிபெயர்த்தால், கூடவே வந்து விழும் மேற்கோள்களைத் திறந்து பாருங்கள். செத்துப்போன இணைப்புகள் இருக்கும், சில குட்டி விற்பனைப் பக்கங்களாக மாறியிருக்கும். மூலக் கட்டுரையின் பெயரைத் தொகுப்புச் சுருக்கத்தில் (சேமிக்கும்போது எழுதும் குறிப்பில்) குறிப்பிடுவதும் விக்கிப்பீடியா உரிமத்தின் கட்டாயம்.

படம் சேர்க்க விரும்புகிறவர்கள் கூகுளில் எடுக்காமல் தம் வீட்டு நாயையே கைப்பேசியில் எடுத்து, எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். பெற்றோர் இரண்டும் எவை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் படக் குறிப்பில் லாப்ரடூடில் என்று எழுதுங்கள். சுருட்டை முடியை மட்டும் நம்பி எழுதினால், நாளை அந்தப் படம் வேறு மொழிக் கட்டுரைகளிலும் அதே பெயரோடு போய் உட்கார்ந்துவிடும்.