பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து: குண்டுவீச்சு விமானச் சார்ஜென்ட்டுகளின் வீரப் பதக்கத்தைத் தேடிப் படிக்கும் முறை

ரங்கூனில் வாழும் நம் குடும்பங்கள் தௌக்சான் போர்க் கல்லறைக்குப் போவது பெரும்பாலும் அங்குள்ள நினைவுத் தூண்களில் நம்மவர் பெயரைத் தேடத்தான். நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்த இடத்தில், இரண்டாம் உலகப் போரில் மாண்டு உடல் கிடைக்காமல் போன தரைப்படையினர் ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். சென்ற ஆண்டு மழை ஓய்ந்த பிறகு தங்கை மகனை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். தூண்களைப் பார்த்துவிட்டுப் புல்வெளியில் நடந்தவன், வெண்கலத் தகடு பதித்த தாழ்வான பீடம் ஒன்றின் முன்னால் நின்று, "மாமா, இவர் பேருக்குப் பின்னால மூணு எழுத்து இருக்கே, என்ன படிப்பு இது?" என்று கேட்டான்.

அது படிப்பு அன்று. டி.எஃப்.எம். என்ற அந்த மூன்று எழுத்தும் டிஸ்டிங்குவிஷ்டு ஃப்ளையிங் மெடல் என்ற பிரிட்டிஷ் பதக்கத்தைக் குறிப்பவை. அதிகாரிப் பதவி பெறாத விமானப் படையினர், எதிரிக்கு எதிராகப் பறந்து காட்டிய வீரத்துக்கும் கடமை உறுதிக்கும் கொடுக்கப்பட்ட பதக்கம் அது. அப்படி ஒரு தகட்டையோ பதக்கத்தையோ காண்பவர்கள், அதற்குரிய மனிதர் யார், அவர் என்ன செய்தார் என்பதைத் தாமாகவே கண்டறிய வேண்டும் என்பதற்காக, நான் பின்பற்றும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தகட்டை முழுதாகப் படித்து, உள்ளது உள்ளபடியே எழுதிக்கொள்ள வேண்டும். படைஎண், பதவி, பெயர், விருது எழுத்துகள், ஏர் கன்னர் (சுடுபவர்), நேவிகேட்டர் (வழி கணிப்பவர்) என்பது போன்ற பணி, இறந்த நாள், வயது, சிலவற்றில் குடும்பத்தார் எழுதக் கேட்ட ஒரு வரி ஆகியவை அதில் இருக்கும். அவர் பறந்த ஸ்குவாட்ரனின், அதாவது விமானப் பிரிவின், எண் தகட்டில் இருக்காது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் அதே பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். படைஎண்ணை எழுதும்போது ஓர் இலக்கம்கூடத் தவறக் கூடாது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். எண் ஒருவருக்கே உரியது. வெண்கலம் கறுத்திருந்தால் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நிழற்படம் எடுத்தால் எழுத்துகள் எழும்பித் தெரியும்.

அடுத்துப் பதவியைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் யாருக்கு எந்தப் பதக்கம் என்பதை அதுவே தீர்மானித்தது. அரசரின் நியமன ஆணை பெற்றவர் அதிகாரி. அவருக்கும், அவருக்கு அடுத்த படியில் இருந்த வாரண்ட் ஆபீசருக்கும் டிஸ்டிங்குவிஷ்டு ஃப்ளையிங் கிராஸ் என்ற வெள்ளிச் சிலுவை கொடுக்கப்பட்டது. ஃப்ளைட் சார்ஜென்ட்டுக்கும் அவருக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் மெடல். இரண்டும் 1918 ஜூன் 3 அன்று ஒன்றாக ஏற்படுத்தப்பட்டவை. செயல் ஒன்றாக இருந்தாலும் தோளிலும் கையிலும் இருந்த பதவிச் சின்னத்தைப் பார்த்தே விருது பிரிந்தது. 1940 மே மாதக் கடைசி முதல் விமானக் குழுவில் பறக்கும் எவருக்கும் குறைந்தது சார்ஜென்ட் பதவி என்று விதித்தார்கள். அதனால் குண்டுவீச்சு விமானங்களில் சுடுபவரும், வயர்லெஸ் இயக்குபவரும், இன்ஜினியரும், பல விமானங்களில் விமானியுமே சார்ஜென்ட்டுகளாக இருந்தார்கள். அப்படியிருந்தும் இரண்டாம் உலகப் போரில் 20,000-க்கும் மேற்பட்ட சிலுவைகள் வழங்கப்பட்டன. மெடல்களோ ஏறத்தாழ 6,600 மட்டுமே. இந்தக் கணக்கு எனக்கு இன்றும் உறுத்துகிறது. 1993-இல்தான் மெடலை நிறுத்திவிட்டுச் சிலுவையை எல்லாப் பதவியினருக்கும் பொதுவாக்கினார்கள்.

தகட்டில் அதிகாரிப் பதவியும் டி.எஃப்.எம். எழுத்தும் சேர்ந்து இருந்தால் குழம்ப வேண்டாம். அவர் சார்ஜென்ட்டாக இருந்தபோது மெடல் பெற்று, பிறகு அதிகாரியாக உயர்ந்தவர் என்பதே பொருள். அப்படி உயர்ந்தவருக்குப் புதிய படைஎண் கொடுப்பார்கள். ஆகவே பதக்கத்தில் ஓர் எண்ணும் கல்லறையில் வேறோர் எண்ணும் இருப்பதைக் கண்டு இருவர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பதக்கமே கைக்குக் கிடைத்தால் அதைப் பார்க்கும் முறை வேறு. டி.எஃப்.எம். முட்டை வடிவ வெள்ளிப் பதக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்ததில் ஒரு புறம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருக்கும். மறுபுறம் விமானத்தின் மேல் அமர்ந்த வெற்றித் தேவதையின் வலக் கையிலிருந்து ஒரு பருந்து எழும்பும். மேலே விரிந்த இரண்டு சிறகுகளிலிருந்து பதக்கம் தொங்கும். ரிப்பன், வெள்ளையும் ஊதாவும் சாய்வாக மாறி மாறி வரும் மெல்லிய கோடுகள் கொண்டது. சிலுவையின் ரிப்பனிலும் அதே நிறங்கள்தாம், ஆனால் கோடுகள் இரு மடங்கு அகலமானவை. வெள்ளையும் சிவப்புமாக இருந்தால் அது எதிரியோடு மோதாத பறப்புக்கான வேறு பதக்கம்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது விளிம்பு. சிலுவையில் பெற்றவரின் பெயரைப் பொறிக்காமலே கொடுத்தார்கள். சார்ஜென்ட்டின் மெடலிலோ படைஎண், பதவி, தலைப்பெழுத்து, பெயர், படை எல்லாம் விளிம்பைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருக்கும். பர்மாவின் மேல் பறந்த பிரிட்டிஷ் விமானப் படையினருக்குக் கிடைத்த பர்மா நட்சத்திரம் என்ற பதக்கத்தில்கூடப் பெயர் இல்லை. ஆக, பதவியில் தாழ்ந்தவருக்குக் கொடுத்த மெடலே இன்று தன் உரிமையாளர் யார் என்று நமக்குச் சொல்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் பழம்பொருள் கடை ஒன்றில் வாங்கிய மெடலைக் கொண்டுவந்து காட்டினார். மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தபோது விளிம்பு முழுவதும் அரம் போட்ட நுண்ணிய கீறல்கள் மின்னின. ஒரு மனிதரின் பெயரை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். அன்று எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை. வாங்குபவர் விளிம்பைப் பாராமல் வாங்கக் கூடாது. வைத்திருப்பவர் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கக் கூடாது. தேய்க்கத் தேய்க்கக் குறைவது அந்தப் பெயர்தான்.

எண்ணும் பெயரும் கிடைத்துவிட்டால் லண்டன் கெஜட்டுக்குப் போகலாம். எல்லா வீர விருதுகளும் அந்த அரசிதழில் அறிவிக்கப்பட்டவை. பழைய இதழ்களை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். அச்சுப் பக்கங்களைக் கணினி படித்துத் தந்திருப்பதால் பெயர்கள் சிதைந்திருக்கும்; ஆகவே பெயரால் தேடியதோடு நிறுத்தாமல் எண்ணாலும் தேட வேண்டும். பல டி.எஃப்.எம். அறிவிப்புகளில் பெயர்ப் பட்டியல் மட்டுமே இருக்கும். மெடல் இரு வகையாகக் கிடைத்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஒரே இரவில் செய்த செயலுக்காக உடனடியாகக் கொடுத்தது ஒரு வகை. முப்பது தாக்குதல்களைக் கொண்ட ஒரு சுற்றைக் குலையாத உறுதியோடு பறந்து முடித்ததற்காகக் கொடுத்தது மற்றொரு வகை. இரண்டாவதைச் சிறிதாக எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு உடன்படுவதில்லை. ஐரோப்பாவின் மேல் பறந்த பாம்பர் கமாண்ட் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் மட்டும் 55,573 பேர் இறந்தார்கள் என்பதை அறிந்தவர், முப்பது முறை மறுபடியும் மறுபடியும் ஏணியில் ஏறி விமானத்துக்குள் நுழைந்த ஒருவரை எளிதாகக் கடந்து போக முடியாது.

கெஜட் நாளை இறந்த நாளோடு ஒப்பிடுவது இந்தத் தேடலின் கடினமான பகுதி. அந்தக் காலத்தில், 1979 வரையிலும்கூட, எதிரிக்கு எதிரே காட்டிய வீரத்துக்காக, இறந்தவருக்குக் கொடுக்கக்கூடியவை எல்லாவற்றிலும் உயர்ந்த விக்டோரியா கிராஸும் படைத்தலைவரின் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்படுவதும் மட்டுமே. டி.எஃப்.எம். இறந்தவருக்கு இல்லை. ஆகவே கெஜட் நாள் இறப்புக்குப் பின் இருந்தால், அந்த மெடல் கடைசிப் பயணத்துக்கானதன்று, அதற்கு முந்தைய செயலுக்கானது என்று கொள்ள வேண்டும். 1940 மே 12 அன்று மாஸ்டிரிக்ட் அருகே ஆல்பர்ட் கால்வாய்ப் பாலத்தைத் தாக்கிய விமானத்தில் மூவர் இருந்தனர்; மூவரும் மாண்டனர். அதிகாரி கார்லண்டுக்கும் சார்ஜென்ட் கிரேக்கும் விக்டோரியா கிராஸ். பின்னால் இருந்து சுட்ட லாரன்ஸ் ரெனால்ட்ஸுக்கு ஒன்றும் இல்லை.

1943 ஆகஸ்ட் 12 இரவில் டூரின் நகரை நோக்கிப் பறந்த ஒரு ஸ்டர்லிங் விமானத்தை எடுத்துக்கொண்டால் இந்த விருது ஏணி முழுவதும் ஒரே இடத்தில் தெரியும். விமானி ஃப்ளைட் சார்ஜென்ட் ஆர்தர் ஆரன். துப்பாக்கிச் சூட்டில் தாடை நொறுங்கிப் பேச முடியாத நிலையில் இடக் கையால் எழுதிக் காட்டித் தோழர்களுக்கு வழி சொன்னார். விமானம் அல்ஜீரியாவில் இறங்கிய ஒன்பது மணி நேரத்தில் இறந்தார். அவருக்கு விக்டோரியா கிராஸ். விமானத்தை ஓட்டிவந்து தரையிறக்கிய குண்டு எறிபவர் லார்டனுக்கு, 1942 நவம்பரில் விமானப் படையினருக்கும் விரிவாக்கப்பட்ட கன்ஸ்பிக்குவஸ் கேலண்ட்ரி மெடல். விமானப் படையில் அது நூற்றுச் சொச்சம் பேருக்கே கிடைத்த அரிய பதக்கம். இன்ஜினியருக்கும் வயர்லெஸ் இயக்குபவருக்கும் டி.எஃப்.எம். நேவிகேட்டர் பிரென்னன் குண்டு பட்ட உடனேயே இறந்துவிட்டார். அவர் பெயருக்குப் பின்னால் எழுத்து இல்லை. ஆகவே ஒரு தகட்டில் டி.எஃப்.எம். கண்டால், அதே நாள் பொறித்த அக்கம்பக்கத் தகடுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே விமானத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் அருகருகேதான் கிடக்கிறார்கள்.

செயலின் விவரம் வேண்டுமானால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும். விருதுப் பரிந்துரைகள் ஏர் 2 என்ற வரிசையில் உள்ளன. அவற்றில் பறந்த தடவைகளும் மணிகளும் கூட எழுதப்பட்டிருக்கும். ஸ்குவாட்ரன்களின் நாட்குறிப்பு ஏர் 27 வரிசையில். அதில் 540 எண் படிவம் அன்றாட நிகழ்ச்சியைச் சொல்லும். 541 எண் படிவம் ஒவ்வொரு விமானத்திலும் யார் யார் போனார்கள், எப்போது கிளம்பினார்கள், எப்போது திரும்பினார்கள் என்று காட்டும். எனக்கு 541-ஐப் படிப்பதே மேல் என்று தோன்றும். திரும்பிய நேரம் எழுத வேண்டிய கட்டம் வெறுமையாகக் கிடப்பதைக் காணும்போது வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. நம் பகுதியைப் பொறுத்தவரை வங்காளத்துத் தளங்களிலிருந்து லிபரேட்டர் விமானங்களில் ரங்கூன் துறைமுகம் வரையும் சயாம் ரயில் பாதை வரையும் பறந்த 99, 159, 355, 356 ஆகிய ஸ்குவாட்ரன்களின் ஏடுகளில் தொடங்கலாம்.

பர்மாவில் சுட்டு வீழ்த்தப்பட்டுப் பிடிபட்ட விமானப் படையினர் பலர் ரங்கூன் சிறையில் அடைக்கப்பட்டனர். 1945 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும்தான் விடுதலை. அத்தகையவரின் விருது போர் முடிந்த பிறகே வெளிவந்திருக்கலாம். ஜெர்மனிக்கு மேல் எரியும் இறக்கையில் ஏறித் தீயணைக்க முயன்ற சார்ஜென்ட் நார்மன் ஜாக்ஸனின் செயல் 1944 ஏப்ரலில் நடந்தது. தோழர்கள் சிறை மீண்டு வந்து சொன்ன பிறகு, 1945 அக்டோபரில் அவருக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. ஆகையால் கெஜட்டை 1946 வரையாவது புரட்டாமல் இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். அந்தச் சிறையில் இறந்தவர் சிலருடைய கல்லறைகள் தௌக்சானில் அல்ல, நகரத்துக்குள்ளேயே உள்ள ரங்கூன் போர்க் கல்லறையில் இருக்கின்றன.

விமானத்தோடு காட்டிலோ கடலிலோ காணாமல் போனவரைத் தௌக்சான் தூண்களில் தேடி அலைய வேண்டாம், அவை தரைப்படையினருக்கானவை. தெற்கு, கிழக்கு ஆசியாவின் மேல் பறந்து கல்லறை இல்லாமல் மறைந்த விமானப் படையினரின் பெயர்கள் சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் உள்ளன. என் தங்கை மகன் கேட்ட அந்தப் பெயரை அவனே தேடிக் கண்டான். அதே நாளில் காணாமல் போன இன்னும் இருவரைக் கிராஞ்சிப் பட்டியலில் கண்டுபிடித்து, அவர்களுடைய எண்களையும் தன் நோட்டில் அடுத்த வரியில் எழுதி வைத்திருக்கிறான்.